காயத்ரி அக்காவை உட்காரச் சொன்னேன்

இந்த மைதானத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த என் நஸ்ரின் அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எழுதி எழுதி அடித்தேன். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தை மாதக் கூடைப்பந்துப் போட்டி முடிந்தது. நாம் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். எதிரே மறுபடியும் கடலூர்க்காரங்கதான்.

ஜெயிச்சோமா என்று உடனே கேட்பாய். சினிமாவுக்குப் போகும்போதே, பார்த்துவிட்டு வெளியே வருகிறவங்களை நிறுத்திக் கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்கிறவள் நீ. இந்த ஒரு தடவை வரிசையாகக் கேளேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதே இல்லை.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, "ரெண்டு நாள்ல வந்துடறேன். அதுவரைக்கும் அதுங்க ரெண்டு கட்சியும் சண்ட போடாம பாத்துக்கோ" என்றாய். நான் சரி என்றேன். உனக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்கிறேன்? வந்துவிடுவாய் என்று நம்பித்தானே சரி என்றேன்.

அந்த ரெண்டு கட்சி என்ன ஆச்சு என்று சொல்கிறேன்.

நீ ஆடியவரைக்கும் பெரியவங்க கட்சி, சின்னவங்க கட்சி என்று பேருக்குத்தான் இருந்தது. மின்வாரிய ஆபீஸ் காயத்ரி அக்காவும், ஸ்டெல்லா டீச்சரும், அவங்க வயசு அக்காக்களும் ஒரு பக்கம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, நம்ம ஊர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ரோஜாவும் அவள் கூட்டாளிகளும் இன்னொரு பக்கம். நடுவில் நீ. அக்காக்களை நீ "வாங்க கெழவிங்களா" என்று கூப்பிடுவாய். அவங்க அடிக்க வருவாங்க. மலைப் பொண்ணுங்களிடம் போய், "இன்னாடி, ஓடறீங்களா, வரப்புல நடக்கறீங்களா?" என்பாய். அதுங்க வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் வேகமாக ஓடும். சின்னவங்க பந்தை உன்னிடம் கொடுப்பாங்க, நீ அதைப் பெரியவங்களிடம் கொடுப்பாய். திரும்பி வருகிற பந்தும் உன் வழியாகத்தான் வரும்.

நீ போனபிறகுதான் தெரிந்தது, ரெண்டு பக்கமும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை என்று.

கூட்டம் போட்டாங்க. உன் இடத்தில் நின்று யார் ஆடுவது என்பதைவிட, யாரை எப்போது இறக்குவது என்று யார் சொல்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது காயத்ரி அக்கா என்னைக் காட்டினார். "இத்தினி வருஷம் பெஞ்சிலயே உக்காந்துகினு எல்லாத்தயும் பாத்தவ இவதான். இவ சொல்லட்டும்."

சிரிப்புக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரித்தாங்க. ஆனால் மறுநாளும் யாரும் அதை மாற்றவில்லை. அப்படித்தான், டிராக்டர் ஷோரூமில் போனை எடுத்தால் "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா" என்று எல்லோரிடமும் திட்டு வாங்குகிற உன் வெண்ணிலா, ஒரு டீமுக்குப் பொறுப்பானாள். எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா கரும்பு வெட்டப் போகிற அவசரத்தில், "நீ போயி அதட்டுவியா? நம்ம வூட்டு ஆடே நீ சொன்னா கேக்காது" என்றார். அம்மாதான், "நம்ம குடும்பத்துல மொத டிகிரி. அதட்டட்டுமே" என்றாள்.

சரி, அரையிறுதிக்கு வருகிறேன். இதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ரோஜாவுக்கு இப்போது நல்ல உயரம். பந்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் பிடிக்க ஆள் கிடையாது. வளையத்துக்குக் கீழே தன்னந்தனியாக நிற்கிறாள். கையில் பந்து. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும். இவள் என்ன செய்தாள் தெரியுமா? பின்னால் திரும்பி, மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்த காயத்ரி அக்காவிடம் பந்தைக் கொடுத்தாள்.

"நீங்க போடுங்கக்கா."

"நீ போடுடி!" அக்கா திருப்பிக் கொடுத்தார்.

"பரவால்லக்கா, நீங்களே போடுங்க."

"அடியே, நீதான் கிட்ட நிக்கிற!"

"இல்லக்கா, நீங்க இருக்கும்போது நான் எப்டி..."

பந்து கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய் வந்தது. எதிர் டீம் பொண்ணுங்களுக்கே எதைத் தடுப்பது என்று தெரியவில்லை. போடவேண்டிய இருபத்துநான்கு விநாடி முடிந்து விசில் ஊதிவிட்டாங்க. கூட்டத்தில் ஒரு பெரியவர், "யாராவது ஒருத்தர் போடுங்கம்மா, நாங்க வூட்டுக்குப் போவணும்" என்று கத்தினார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். உங்க அத்தா மட்டும், பெத்த மகளே ஆடுகிற மாதிரி எழுந்து நின்று "கோலு!" என்றார். அவருக்கு எது விழுந்தாலும், விழாவிட்டாலும் கோல்தான். இன்னும் மாறவில்லை.

எப்படியோ ஜெயித்தோம். காயத்ரி அக்கா ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். ஆட்டம் முடிந்ததும் முட்டி ரெண்டும் வீங்கிவிட்டது. மீன்கடையில் ஐஸ் வாங்கி வந்து துணியில் கட்டி வைத்தோம். அக்கா மேல் வஞ்சிரம் வாசனை.

ரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் போடவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்ல பெரியவங்க தட்டுல வுழுந்தப்புறந்தாங்க்கா எங்க தட்டுல வுழும். அவங்க கைய பாத்துகினு நிக்கும்போது நான் போட்டா நல்லாவா இருக்கும்?" பிறகு கொஞ்சம் தயங்கி, "அக்காங்களே எல்லாத்தயும் போட்டுக்கறதுன்னா, எங்கள எதுக்குக்கா கூப்ட்டீங்க? தண்ணி எடுத்துக் குடுக்கவா? பரீட்ச வருது. நாங்க நாலு பேரும் நின்னுக்கலாம்னு இருக்கோம்" என்றாள்.

மரியாதையும் அவளுடையதுதான், கோபமும் அவளுடையதுதான். ரெண்டும் ஒரே மூச்சில் வந்தது.

அந்தப் பக்கம் ஸ்டெல்லா டீச்சர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஃபைனல்ல நம்ம அஞ்சு பேரும் ஆடிக்கலாம். அதுங்க வந்து பாக்கட்டும், கத்துக்கட்டும்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

ராத்திரி பஸ்ஸில் களமருதூர் வீட்டுக்குப் போகிறவரை யோசித்தேன். மூன்று இறுதி ஆட்டத்தில் தோற்றோமே, மூன்றையும் நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். மூன்றிலும் முக்கால் ஆட்டம் வரை நாம்தான் முன்னால். கடைசிக் கால்பங்கில் அக்காக்களுக்குக் கால் வராது. கடலூர்ப் பொண்ணுங்க அதற்காகவே காத்திருக்கிற மாதிரி அப்போதுதான் ஓட ஆரம்பிப்பாங்க. உனக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நீ உள்ளே ஓடிக்கொண்டிருந்தாய். ஓடுகிறவங்களுக்கு யார் ஓடவில்லை என்பது தெரியாது என்று நினைக்கிறேன்.

காயத்ரி அக்காவை முதல் மூன்று பங்கும் பெஞ்சில் வைக்க வேண்டும். கடைசிப் பங்குக்குப் புதுசாக இறக்க வேண்டும். அதுவரைக்கும் சின்னவங்க ஓட வேண்டும், ஸ்டெல்லா டீச்சர் மட்டும் கூட நின்றால் போதும். யோசித்துப் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இதை யார் அக்காவிடம் போய்ச் சொல்வது? பன்னிரண்டு வருஷமாக எந்த ஆட்டத்திலும் முதல் ஆளாக இறங்குகிறவங்க. போதாததற்கு அவங்க ஆபீஸே வேன் பிடித்து ஆட்டம் பார்க்க வருகிறது. பிளெக்ஸ் வேறு அடித்துவிட்டாங்க. நான் சொல்லி, அக்கா கோபித்துக்கொண்டு போனால் பெரியவங்க எல்லோரும் பின்னாலேயே போய்விடுவாங்க. சொல்லாமல் விட்டால் ரோஜா போய்விடுவாள். கப் அப்புறம். டீமே இருக்குமா என்றிருந்தது.

நீயாக இருந்தால் யாரை முதலில் இறக்கியிருப்பாய்? அன்றைக்கு ராத்திரி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து அக்கா என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அக்கா முதுகைப் பார்த்தபடி ஆரம்பித்தேன்.

"அக்கா."

"இன்னா?"

"ஞாயித்துக்கெழம..."

"காத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம மொதல்ல நீங்க ஆட வேணாங்க்கா. கடைசி பத்து நிமிஷம் ஆடுனா போதும். அதுவரைக்கும் பெஞ்சில உக்காருங்க."

கத்திவிட்டேன் போல. பக்கத்தில் போன ஷேர் ஆட்டோவில் இருந்தவங்க எல்லோரும் திரும்பிப் பார்த்தாங்க.

நான்குமுனைச் சந்திப்பில் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் வண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் நேராகப் போனது. இப்படியே மலை ஏறிவிடுவாங்களோ என்று பயந்துபோனேன். ஒரு கரும்பு ஜூஸ் கடை முன்னால் நிறுத்தினார். ஒரு கிளாஸ் மட்டும் சொன்னார். அவரே குடித்தார்.

"ஸ்டெல்லா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லக்கா."

"அந்த மலப் பொண்ணு அழுதாளா?"

"இல்லக்கா. நானேதான்."

"நீயேவா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அக்கா என்னை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. "என் புள்ள வரான். ஆபீஸே வருது. எல்லார் முன்னாடியும் கைய கட்டிகினு உக்காரணும். சரி, உக்காந்துகினு நான் இன்னா பண்ணணும்? அதச் சொல்லு."

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் நஸ்ரின் அக்கா. உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்த ஒன்றுதானே. பெஞ்சிலிருந்து பார்த்தால் பந்தைவிடக் கால்கள்தான் முதலில் தெரியும் என்றேன். கடலூர் டீமில் அந்த உயரமான பொண்ணு வலப்பக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டிவிட்டு எப்போதும் இடப்பக்கம்தான் போவாள் என்றேன். யார் வாயால் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறாங்களோ அவங்க அடுத்த பந்துக்கு ஓடமாட்டாங்க என்றேன். நம்ம ஆளுங்க தப்பு செய்தவுடன் யார் முகத்தைப் பார்க்கிறாங்க என்பதும் தெரியும் என்றேன். "பெரும்பாலும் உங்க முகத்தத்தாங்க்கா. நீங்க உள்ள நின்னா ரோஜா வளையத்தப் பாக்கறதே இல்ல."

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ஜூஸ் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கிளாஸை வைத்தார். "ஏறு. பஸ்ஸு போய்டும்." அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிராக்டிஸுக்கு அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "இன்னாடி சொன்ன அவகிட்ட?" சொன்னேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரோஜா ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "எனக்காக எதுக்குக்கா? நான் போகவே போறேன்னு சொன்னேனே" என்றாள். அவளுக்கும் என் மேல் கோபம். ஒரே வாக்கியத்தில் ரெண்டு கட்சியையும் ஒன்று சேர்த்துவிட்டேன் பார், எனக்கு எதிராக.

ஞாயிற்றுக்கிழமை. உளுந்தூர்பேட்டை மைதானம் நிறையக் கூட்டம். மின்வாரிய வேன் வந்தது. காயத்ரி அக்கா பந்தோடு பறக்கிற மாதிரி பிளெக்ஸ், கீழே "எங்கள் மேடம்". அதற்குப் பின்னால் அக்காவே இறங்கினார். ஷூ போட்டுக்கொண்டார். முடியை இறுக்கிக் கட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் நேராக நடந்து வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நன்றி என்று சொல்லத் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்ததும் வேன்காரங்க பக்கம் ஒரே சலசலப்பு. "மேடத்துக்கு இன்னா, பவர் கட்டா?" என்று ஒருத்தர் கத்த, கூட்டமே சிரித்தது. அக்காவின் பையன் ஓடிவந்து, "அம்மா, நீ ஏன் உக்காந்துகினு இருக்கற?" என்றான். "அம்மா வேல பாக்கறேன்டா. போ" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை அக்கா. ரோஜா பந்தை வாங்கினாள், வளையத்துக்குக் கீழே போனாள், நின்றாள், திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். காயத்ரி அக்கா உள்ளே இல்லாவிட்டால் என்ன, வெளியே இருக்காங்களே. போடலாமா என்று முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறாள்! அதற்குள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாங்க. மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை அக்கா எழுந்து, "என் மூஞ்சில இன்னாடி எழுதிக்குது? வளையத்தப் பாருடி!" என்று போட்ட சத்தத்தில் கடலூர்ப் பொண்ணே ஒரு நொடி வளையத்தைப் பார்த்தாள். ரோஜா மட்டும் பார்க்கவில்லை. இன்னும் மிரண்டுபோய் அக்காவையேதான் பார்த்தாள்.

நாம் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். போதும், அக்காவை இறக்கிவிடலாம் என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரு. என் மூஞ்சி இருந்தாதான பாப்பா?" என்றார். அப்படியே பெஞ்சில் சுற்றித் திரும்பி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்! "எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னா நடக்குதுன்னு நீ சொல்லு."

"ரோஜாகிட்ட பந்து வந்துடுச்சுக்கா..."

"கேக்கல."

"ரோஜாகிட்ட பந்துக்கா!"

"கூட்டம் கத்துது, ஒண்ணும் கேக்கல. வாயத் தொறந்து சொல்றியா, நான் திரும்பட்டுமா?"

என்ன செய்வது? எழுந்து நின்றேன். கத்தினேன். "ரோஜா பந்த வாங்கிட்டா! ஒருத்திய தாண்டிட்டா! கீழ போறா! நிக்கிறா! திரும்பிப் பாக்கறா..."

பெஞ்சில் முகம் இல்லை. ஒரு பின்னல் மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா ஒரு கணம் திகைத்தாள். பிறகு வேறு வழியில்லாமல் வளையத்தைப் பார்த்தாள்.

"போட்டா!"

"வுழுந்துதா?"

"வுழுந்துதுக்கா!"

"யார் போட்டது?"

"ரோஜா!"

"அது காதுல வுழல, மறுபடியும் சொல்லு" என்றார் அக்கா. வேன்காரங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அவங்க எல்லோரும் பார்க்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை அக்கா. ஸ்கோர் எழுதுகிறவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. வேன்காரங்க பிளெக்ஸை இறக்கி வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேட்டுக் கைதட்ட ஆரம்பித்தாங்க. ரோஜா அடுத்தடுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து அவள் கூட்டாளிகளும் போட்டாங்க. ஸ்டெல்லா டீச்சர் நடுவில் நின்றுகொண்டு, "போடு, போடு, என்ன எதுக்குப் பாக்கற?" என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பங்கில் கடலூர் கொஞ்சம் முன்னால் போனது. "இப்போ திரும்பலாமா?" என்று அக்கா கேட்டார். பாரேன், என்னிடம் கேட்டார். அந்த உயரமான பொண்ணைப் பார்த்தேன். மூச்சு இன்னும் மூக்கில்தான் இருந்தது.

"இல்லக்கா. இன்னும் கொஞ்ச நேரம்."

"சரிங்க மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பங்கு. அந்தப் பொண்ணு இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். "எழுந்திருங்கக்கா" என்றேன். அக்கா எழுந்து திரும்பியபோது மைதானத்தில் எழும்பிய சத்தம் உங்க அத்தா செருப்புக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் கடையில் யார் இருந்தது? அவர் இங்கே "கோலு, கோலு" என்று குதித்துக்கொண்டிருந்தார்.

புதுக் காலோடு அக்கா ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும். கடலூர்க்காரங்களுக்கு இது பழக்கமில்லை. அவங்க ஓட ஆரம்பிக்கிற நேரத்தில் நம் ஆள் அவங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஒன்று ஒன்றாகப் பக்கத்தில் வந்தோம். கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். பந்து ரோஜாவிடம்.

காயத்ரி அக்கா தனியாக, கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். "குடுடி! குடு!" யாராக இருந்தாலும் கொடுப்பாங்க. நானே கொடுத்திருப்பேன். ரோஜா அக்காவைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, திரும்பி, தானே போட்டாள்.

வளையத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது.

அக்கா அதற்குள் ரெண்டு பேரை இடித்துக்கொண்டு எம்பி, அந்தரத்திலேயே பந்தைப் பிடித்து, கீழே இறங்காமலே திருப்பி உள்ளே போட்டார். விசில்.

ஜெயித்துவிட்டோம் அக்கா. ஒரு புள்ளியில்.

எல்லோரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கத்திக்கொண்டிருக்க, காயத்ரி அக்கா ரோஜாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "கைய தூக்கிகினு மரமாட்டம் நிக்கறேன், கண்ணு தெரியல? குடுத்தா இன்னா?"

"எனக்கு வளையம் நல்லா தெரிஞ்சுதுக்கா" என்றாள் ரோஜா. சொல்லிவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாய் வந்துடுச்சு பாரு புள்ளைக்கு!" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

காயத்ரி அக்கா முறைத்தார். பிறகு முறைக்க முடியாமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் குவியலுக்குள் ஒரு கணம் எல்லோரும் நிமிர்ந்து யாரையோ தேடினோம். யாரும் பேர் சொல்லவில்லை. ஸ்டெல்லா டீச்சர்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருந்திருந்தா, கெழவிங்களா கப்ப கீழ போட்டுடாதீங்கன்னு சொல்லியிருப்பா" என்றார். சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே எல்லோரும் கண்ணைத் துடைத்தோம்.

இப்போது கப் உங்க அத்தாவின் செருப்புக் கடையில், ஷூ பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. வருகிறவங்க எல்லோருக்கும் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் செருப்புக் காட்டுகிறார். உங்க அம்மா எங்களைக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டாங்க. பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று ஒரு பத்து நிமிஷம் போராட்டம் நடந்தது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோஜா பரீட்சை எழுதப் போயிருக்கிறாள். முடிந்ததும் வந்துவிடுவாளாம். காயத்ரி அக்கா அடுத்த வருஷமும் கடைசிப் பங்குக்குத்தான் என்று அவரே சொல்லிவிட்டார். "முட்டிக்கு நல்லாருக்கு" என்பது வெளியே சொல்கிற காரணம். ரோஜா ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த காரணம்.

வெள்ளிமலையிலிருந்து இன்னும் சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேர் பிராக்டிஸுக்கு வர ஆரம்பித்திருக்காங்க. ரோஜாவைப் பார்க்கத்தான் வருகிறாங்க. அவள் பேரைச் சொல்லும்போதே கண் விரிகிறது. ஒன்று யோசித்தேன் அக்கா. ரோஜாவும் ஒரு நாள் பெரியவள் ஆவாள். அவளுக்கும் முட்டி வீங்கும். அவளுக்கும் பிளெக்ஸ் அடிப்பாங்க. அன்றைக்கு அவளையும் யாராவது உட்காரச் சொல்ல வேண்டும்.

உனக்கு இனிமேல் வயசு ஏறாது. எனக்கு இந்தப் பங்குனியோடு நீ போன வயசு முடிகிறது. கணக்குப்படி பார்த்தால் நான்தான் உனக்கு அக்கா. அதை நினைத்தால் ஒரு பக்கம் அழுகை வருகிறது, ஒரு பக்கம் சிரிப்பாகவும் வருகிறது. நீ ஒத்துக்கொள்வாயா? மாட்டாய். நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ கேட்டபோது சும்மா சரி என்று சொன்னேனே, இது அப்படி இல்லை. யார் எவ்வளவு பெரிய ஆளாக வளர்ந்தாலும், யார் எவ்வளவு சின்ன ஆளாக உள்ளே வந்தாலும், யார் இறங்க வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று நான் சொல்வேன். பயந்துகொண்டேதான் சொல்வேன். ஆனால் சொல்வேன். கோபித்துக்கொண்டு போகிறவங்க வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டும் வருவேன்.

இப்படிக்கு,
எத்தனை வயசானாலும் உனக்குத் தங்கச்சிதான்,
களமருதூர் வெண்ணிலா